ஊசி குத்தாத பாக்கெட்

உப்பியிருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கவும் முடியவில்லை. குனிந்தால் வக்கீல் கவுன் முன்னால் சரியும், பக்கத்து நாற்காலிக்காரர் என்னம்மா தேடுறீங்க என்பார், என்ன சொல்வது, காலடியில் பைக்குள் ஒரு கிலோ இட்லி மாவு இருக்கிறது சார், எப்போது வெடிக்கும் என்று காத்திருக்கிறேன் என்றா சொல்வது. உயர் நீதிமன்றத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வெடிக்கும் என்று நினைப்பதே தப்பு. வாசலில் ஸ்கேனருக்குள் பை போனபோதே அந்தப் போலீஸ்காரப் பெண் திரையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். 'இது இன்னா மேடம்?' 'மாவு.' 'வீட்டுக்கா?' 'கேஸுக்கு.' அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சீனியர் அருளானந்தம் சாரும் காலையில் சிரிக்கவில்லை. 'ரிட் மனுவுல மாவு எதுக்கும்மா? அரசியல் சட்டத்தைப் பேசு. அதுல இருக்கு கேஸ். பாக்கெட்டைக் காட்டி வித்தை பண்ணாதே' என்றார். சரி சார் என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஐம்பத்தெட்டாவது வழக்கு, ஏதோ பென்ஷன் விவகாரம், என்னுடையது அறுபத்து மூன்று. நாளையிலிருந்து கோடை விடுமுறை. இன்றைக்குத் தடை கிடைக்காவிட்டால் நாளைக் காலை ஓசூரில் முனிரத்னம்மாவின் மாவுக்கடைக்குப் பூட்டு விழும், அப்புறம் ஜூன் மாதம் வந்து நான் என்ன சட்டம் பேசினாலும் பூட்டுத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

முனிரத்னம்மா பின்வரிசையில் இருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். பச்சைப் புடவை, கழுத்துச் சங்கிலியில் நாலைந்து ஊக்கு, மடியில் வெறும் பை. விடிவதற்குள் மாவைப் பாக்கெட்டில் கட்டி, பஸ் ஏறி, மதியம் நீதிமன்ற வெளிவாசலில் என் கையில் கொடுத்தார், பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும். நான் கேட்டது அதைத்தான். 'அரசாங்க ஆணைல எப்படிச் சொல்லியிருக்கோ அப்படியே காத்து போகாம கட்டிக் கொண்டாங்க. வழக்கமா போடுற ஊசிக்குத்து இதுல வேண்டாம்.' மாவு பாக்கெட்டின் காதோரம் ஒரு சின்ன ஊசிக்குத்து இருக்கும், எல்லாக் கடையிலும், வாங்குகிற நாம் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மாவு புளிக்கும், புளித்தால் காற்று வரும், காற்றுக்கு வழி இல்லாவிட்டால் பாக்கெட் பந்தாகி, அப்புறம் பட். அவ்வளவுதான் விஞ்ஞானம். டெல்லியில் யாரோ ஒருவருக்கு இது தெரியவில்லை. அந்த ஒருவர் மூன்று வேளையும் சப்பாத்தி சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும் என்று மனுவில் எழுதியிருந்தேன், சீனியர் அடித்துவிட்டார். ஆணை சொல்வது இது: மாநிலம் விட்டு மாநிலம் போகிற அரைத்த மாவெல்லாம் காற்றுப்புகாத உறையில்தான் விற்கப்பட வேண்டும். அதுவாவது பரவாயில்லை. அடுத்த பிரிவில்தான் வயிறு எரிகிறது. மாநில எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் அரைக்கப்படும் மாவு, யாருக்கு விற்றாலும், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். கொள்ளப்படும். யார் கொள்வது, எதை எடுத்துக் கொள்வது? முனிரத்னம்மாவின் கடைக்கு எதிரே இருப்பது பள்ளிக்கூடம், பின்னால் இருப்பது முனீஸ்வரன் கோயில், வாங்குவது அந்த நாலு தெரு. கரண்டியால் மொண்டு தூக்கில் ஊற்றுவார், தூக்கு கொண்டுவராதவர்களுக்குப் பாக்கெட். இது எந்த மாநிலத்துக்கும் எந்த மாநிலத்துக்கும் இடையில் நடக்கிற வணிகம் என்று கேட்டால் பதில் இல்லை, கடையைப் பூட்டுவோம் என்ற நோட்டீஸ்தான் இருக்கிறது.

குளிருகிறது. இந்த ஹாலில் ஏசி இப்படிப் போடுவார்கள் என்று யோசிக்கவே இல்லையே. வெடித்துவிடுமோ என்று மதியம் முழுக்கப் பயந்தேன், இப்போது எதிர்ப் பயம், புளிக்கவே புளிக்காதோ. குளிரில் மாவு தூங்கிவிடும். அம்மா மார்கழியில் மாவுப் பாத்திரத்துக்கு என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுவிடுவாள், நான் சண்டை போடுவேன், எனக்கில்லாத ஸ்வெட்டர் அதுக்கா என்று. சித்திரையில் தலைகீழ், காலையில் எழுந்தால் மூடி தனியாக, மாவு மேடையிலிருந்து வழிந்து தரையில் நடந்து போயிருக்கும், அம்மா அதை வழித்துக்கொண்டே யாரையோ திட்டுவாள், பெரும்பாலும் என்னை. அந்தப் புளித்த வாசனை இப்போது வருகிறதா? வருகிறது. இல்லை, பக்கத்து நாற்காலிக்காரரின் தயிர் சாத டப்பா. மெதுவாகக் காலால் பையை இழுத்து, எடுத்து மடியில் வைத்து, கவுனின் இரண்டு மடிப்பையும் மேலே போர்த்திக்கொண்டேன். அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கடைசியில் இந்த வேலை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறது, தளர்வாக இருக்கிறது. விடிகாலை நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரம் பஸ் வெயிலில் வந்த மாவு இன்னும் தளர்வாக ஏன் இருக்கிறது?

யோசிக்காதே. சட்டத்தை யோசி. மத்தியப் பட்டியல் நாற்பத்திரண்டு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், அது டெல்லிக்கு. மாநிலப் பட்டியல் இருபத்தாறு, மாநிலத்துக்குள் நடக்கும் வணிகம், அது இங்கே. கல்லூரியில் இந்தப் பட்டியல்களை நடத்தின மத்தியான வகுப்பில் நான் தூங்கினேன், யார்தான் தூங்கவில்லை, பங்காளிகள் பாகம் பிரித்த மாதிரி கிணறு உனக்கு களம் எனக்கு என்று ஒரு நீள வரிசை. அது ஒரு பெண்ணின் கடைக்கதவு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கண் விழித்திருப்பேன். அரசியல் சட்டத்தின் பிரிவு முந்நூற்று ஒன்று, நாடு முழுக்க வணிகம் தடையில்லாமல் நடக்க வேண்டும். முந்நூற்று இரண்டு, பாராளுமன்றம் பொதுநலனுக்காகக் கட்டுப்படுத்தலாம். பொதுநலனுக்காக. வெடிக்கிற பாக்கெட்டில் என்ன பொதுநலன்? அதற்குத்தான் மாவு. அதற்காகத்தான் கொண்டுவந்தேன் சீனியர் சார். ஆனால் மத்திய அரசு வக்கீல் தனபாலன் பொதுப் பட்டியலை எடுத்தால்? முப்பத்து மூன்று, உணவுப்பொருள், அதில் டெல்லிக்கும் கை உண்டு. இதை நினைத்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பதில் இருக்கிறது, ஆணையே தன் முதல் வரியில் நான் மாநிலங்களுக்கு இடையிலான வணிகச் சட்டத்தின் கீழ் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறது, அந்தச் சட்டம் கொடுத்த அளவுக்குத்தான் அது கை நீட்டலாம், இன்னொரு பட்டியலிலிருந்து இப்போது கடன் வாங்க முடியாது. நல்ல பதில். ஆனால் நல்ல பதிலெல்லாம் மடியில் உட்கார்ந்திருக்கும்போது நல்லாத்தான் இருக்கும், எழுந்து நின்றால் ஓடிவிடும். போன வருஷம் ஒரு சின்ன வழக்கில் நீதிபதி ஏன் என்று ஒரே வார்த்தை கேட்டார், எனக்குத் தெரிந்த ஏன் எல்லாம் மறந்துபோய் நின்றேன். அந்த நிற்பு இன்னும் என் முழங்காலில் இருக்கிறது.

அறுபதா? அறுபது பாஸ் ஓவர், அப்புறம்தான் கூப்பிடுவார்கள். அறுபத்தொன்று வக்கீல் வரவில்லை. ஐயோ வேகமாகப் போகிறதே. இவ்வளவு நேரம் போகவில்லையே என்று இருந்தது, இப்போது போகாதே என்று இருக்கிறது. எல்லை என்பது என்ன, அதைச் சொல்ல வேண்டும், அழகாகச் சொல்ல வேண்டும். வழக்குக்காக ஓசூர் போனபோது டவுன்பஸ் ஏறி எல்லை வரைக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு பலகை, ஒரு டீக்கடை, அதைத் தாண்டியதும் ரோட்டின் சத்தம் மாறுகிறது, சக்கரத்துக்குக் கீழே, இந்தப் பக்கத் தாருக்கு ஒரு சத்தம் அந்தப் பக்கத் தாருக்கு ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியும் இப்போது கர்நாடகா என்று. ஒரு நாய் இந்தப் பக்கம் படுத்திருந்தது, எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்தது. எல்லை அவ்வளவுதான் அகலம். அதைப் பத்து கிலோமீட்டருக்கு விரித்துப் போட்டால் ஊரே எல்லையாகிவிடும், முனீஸ்வரனும் எல்லைதான், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எல்லைதான். இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நாயை இங்கிலீஷில் சொன்னால் நன்றாக இருக்காது. நாயை விட்டுவிடலாம்.

தோளில் ஒரு விரல். முனிரத்னம்மா குனிந்து குனிந்து வந்துவிட்டார், கோர்ட் சேவகர் டவாலி முறைக்கிறார். 'வக்கீலம்மா, இது எத்தினி மணிக்கு ஆவும்?' மதியத்திலிருந்து நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. 'ஆகும், போய் உட்காருங்க.' 'அஞ்சு மணிக்குள்ள ஆயிடுமா?' 'ஜட்ஜைத்தான் கேக்கணும்.' என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதாம். கடையே போகப் போகிறது, இவருக்கு பஸ். கோபம் வந்தது, உடனே அது அவர் மேல் இல்லை என்றும் தெரிந்தது. பயந்தால் எனக்கு யார் மேலாவது கோபம் வரும், அம்மாவிடமிருந்து வந்தது. அவர் போய் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பதிலாக அந்தக் கடிகாரத்திடம் கேட்டுக்கொண்டார் போல.

அறுபத்து மூன்று. என் வழக்கு எண். என் பெயர். பையைக் காலடியில் விட்டுவிட்டு எழுந்தேன், முழங்கால் இருந்தது, நல்லவேளை. எதிர்ப்பக்கம் தனபாலன், மத்திய அரசுக்கு, நல்ல மனிதர், மதியம் கேன்டீனில் 'என்னம்மா மாவு வக்கீல், ஜெயிச்சா தோசை உண்டா' என்று சிரித்தவர். சிரித்துக்கொண்டே எழுந்தார், சிரிப்பு முடிவதற்குள் பாதி வழக்கைச் சொல்லிவிட்டார். ஒரு பாக்கெட் சின்னதுதான் மை லார்ட், ஆனால் எல்லையோரக் கடைகளையெல்லாம் கூட்டிப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கையில் எடுத்துப் போகிறார்கள், சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து அது ஆறாக எல்லை தாண்டுகிறது, ஆற்றைக் கட்டுப்படுத்த அதிகாரம் இருந்தால் சொட்டையும் கட்டுப்படுத்தலாம். நன்றாகச் சொன்னார். பாவி நன்றாகவே சொன்னார். நீதிபதி அம்மா, அவரும் இங்கே மை லார்ட்தான், கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். நான் ஆரம்பித்தேன், இங்கிலீஷில்தான், முதல் வாக்கியம் எங்கோ போய் இடித்தது, இரண்டாவது நேராக வந்தது. கூட்டிக்கொண்டே போவது என்றால் எங்கே நிறுத்துவது மை லார்ட். வாங்குகிறவர் கையில் எடுத்துப் போவதால் விற்கிறவர் எல்லை தாண்டினவர் ஆவார் என்றால் சேலத்து மாம்பழக்காரரும் தாண்டினவர்தான், இந்த வளாகத்து டீக்கடைக்காரரும்தான். எல்லாச் சொட்டும் அந்த ஆறுதான் என்றால் மாநிலத்துக்குள் நடக்கும் வணிகம் என்று எழுதி வைத்த இருபத்தாறில் மிச்சம் என்ன இருக்கும். எழுதினவர்கள் வெறும் தாளை நமக்குக் கொடுக்கவில்லை. தனபாலன் எழுந்து, எதிர்பார்த்தபடியே, முப்பத்து மூன்று என்றார். நாக்கு ஒட்டவில்லை. ஆணையின் முதல் வரியைப் படித்தேன். நீதிபதி தன் தாளில் அந்த வரியைத் தேடி, பென்சிலால் கோடு போட்டார். அந்தப் பென்சில் சத்தம் எனக்குக் கேட்டது.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். சீனியராக இருந்தால் உட்கார்ந்திருப்பார். ஆனால் தனபாலன், காற்றுப்புகாத உறையால் யாருக்கும் நஷ்டமில்லை, உறை வெடிக்கும் என்பதெல்லாம் கற்பனை என்றார், கற்பனை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் அம்மா எழுந்துவிட்டாள். 'மை லார்ட், பாக்கெட் இருக்கிறது, ஆணைப்படி கட்டியது, அதிகாலையில் கட்டியது' என்று குனிந்து பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். உப்பவில்லை. சப்பையாக, சாதுவாக, கடையில் இருக்கிற எந்தப் பாக்கெட்டையும் போல ஒரு பக்கம் சாய்ந்து படுத்தது. ஹால் முழுக்கச் சிரித்தது. தனபாலன் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார், அதுதான் அதிகம் வலித்தது. காது சுட்டது. ஏசி எங்கே போயிற்று. நீதிபதி, 'கவுன்சல், வெடிக்கும் என்றீர்களே, உப்பக்கூட இல்லையே, ஏன்?' என்றார். ஏன். அதே ஏன். போன வருஷத்து ஏன். போச்சு, எல்லாம் போச்சு, நானே கொண்டுவந்து என் கையாலேயே வைத்துவிட்டேன், ஒரு பெண்ணின் கடையை இட்லி மாவில் மூழ்கடித்த வக்கீல் என்று வராண்டா முழுக்கச் சொல்வார்கள். அப்போது பாக்கெட்டின் காதோரத்தில் வெள்ளையாக ஒரு நூல் கசிந்திருப்பதைப் பார்த்தேன். அதே நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், 'ஐயையோ, குத்திட்டனே!'

டவாலி ஓடினார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார், தமிழுக்கு மாறினார். 'யாரும்மா நீங்க? முன்னாடி வாங்க.' முனிரத்னம்மா வந்தார். நெற்றியில் அடித்துக்கொண்ட கை இன்னும் நெற்றியிலேயே இருந்தது. 'என்னம்மா குத்தினீங்க?' 'ஊக்குங்க.' சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். 'வக்கீலம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க, இதுல குத்தாதீங்கன்னு. நானும் குத்தக்கூடாது குத்தக்கூடாதுன்னே தான் கட்டினேன். கட்டி வெச்சதும் கை தானா குத்திடுச்சுங்க. எனக்குத் தெரியவே இல்லீங்க. இப்போ பாத்தாதான் தெரியுது. குத்தலைன்னா மாவு மூச்சு விடாதுங்களே.' அப்புறம் என்னைப் பார்த்து, 'என்னாலதான் கெட்டுச்சா?' என்றார். தனபாலன் எழுந்து, மனுதாரரின் பொருளே மனுதாரருக்கு எதிராக, என்று ஆரம்பித்தார். நீதிபதி, 'மிஸ்டர் தனபாலன், உங்கள் ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று உட்கார்ந்து ஒரே ஒரு பாக்கெட் கட்டியிருக்கிறார். அந்த ஒன்றிலும் முடியவில்லை' என்றார். இந்தத் தடவை ஹால் சிரித்தது வேறு மாதிரி இருந்தது, தனபாலனும் சேர்ந்துகொண்டார்.

'ஆனால் கவுன்சல்,' என்று என் பக்கம் திரும்பினார், 'மாவை உள்ளே வையுங்கள். புளிக்குமா வெடிக்குமா என்பது இன்றைக்கு என் கேள்வி இல்லை.' சீனியர் சார், நீங்கள் சொன்னதுதான், சாயங்காலம் திட்டு வாங்கிக்கொள்கிறேன். 'என் கேள்வி பத்து கிலோமீட்டர். மிஸ்டர் தனபாலன், ஏன் பத்து? ஏன் ஒன்பது இல்லை, ஏன் பதினொன்று இல்லை?' தனபாலன் தாளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். டெல்லியில் கேட்டு ஜூனில் சொல்வதாகச் சொன்னார். 'சரி, ஜூனில் சொல்லுங்கள். அதுவரைக்கும் எல்லை எல்லை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்' என்றார் நீதிபதி. அப்புறம் ஸ்டெனோவைப் பார்த்து இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார், நான் எழுதிக்கொள்ள வேண்டும், எழுத முடியவில்லை, பேனா மூடியைக் கழற்றாமலே எழுதியிருக்கிறேன். உண்மையில் எல்லை தாண்டும் வணிகத்தை முறைப்படுத்த மத்திய அரசுக்குத் தடையில்லை. தாண்டாததைத் தாண்டியதாகக் கொள்ளும் பிரிவு, கொடுக்கப்பட்ட அதிகாரத்துக்கு வெளியே இருப்பதாக முதல் பார்வைக்குத் தெரிகிறது. அந்தப் பிரிவுக்கும், மனுதாரர் கடைக்கு வந்த நோட்டீஸுக்கும் இடைக்காலத் தடை. அறுபத்து நான்கு. அவ்வளவுதான். அறுபத்து நான்காவது வழக்கின் வக்கீல் என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, மாவைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் கட்டைப் பிரித்தார்.

வராண்டாவில் வெயில் வந்து முகத்தில் அடித்தது. என்ன சந்தோஷம், எவ்வளவு சந்தோஷம், யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. முனிரத்னம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். 'ஸ்டே கிடைச்சிடுச்சும்மா. நாளைக்குப் பூட்ட முடியாது. ஜூன்ல திரும்ப வரணும், அப்போ இன்னும் பெரிய சண்டை, ஆனா கடை திறந்திருக்கும்.' 'திறந்திருக்குமா?' 'திறந்திருக்கும்.' 'அப்போ இன்னிக்கு அரைக்கலாமா?' 'தாராளமா அரைக்கலாம்.' 'மணி இன்னா?' 'நாலே கால். ஏம்மா மத்தியானத்துலருந்து மணியையே கேக்கறீங்க, பஸ் ராத்திரி வரைக்கும் இருக்கே.' அவர் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். 'பஸ்ஸுக்கு இல்லீங்க. காலைல கிளம்பறப்போ அவருகிட்ட அரிசி ஊறப் போடச் சொல்லிட்டு வந்தேன். மத்தியானம் உளுந்தும். அஞ்சு மணிக்கு மேல போனா உளுந்து வீணாப் போவும்.' எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் பக்கென்றது. 'எவ்வளவு?' 'எப்பவும் போடறதுதான். பூராவும்.' 'அம்மா, ஸ்டே கிடைக்காம போயிருந்தா?' அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். 'நாளைக்கு ஞாயித்துக்கிழமையாட்டம் லீவு விடறாங்களே பசங்களுக்கு, எல்லார் வீட்லயும் தோசைதான் கேப்பாங்க' என்றார், அதுதான் பதில் என்பது போல. நான் அத்தனை பட்டியலையும் நெஞ்சில் அடுக்கிவைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஓசூரில் அரிசி ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. அணைத்துவைத்திருந்த போனைப் போட்டு அவரிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டது நானா அவரா தெரியவில்லை. 'ஏங்க, ஆயிடுச்சு. போடுங்க' என்றார், அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல், 'ஆயிடுச்சா? நெசமாவா?' என்றது, ஏதோ உருண்டது, தண்ணீர் கொட்டியது, பிறகு கல் கல்லோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்த சத்தம், கரகரவென்று, இருநூறு மைலுக்கு அப்பாலிருந்து, உயர் நீதிமன்ற வராண்டா முழுவதும்.